பால் பல்தானே என்று விட்டோம்: மெடிக்கெய்டில் பிள்ளைக்குப் பல் வைத்தியம் பார்த்த அனுபவம்

அமெரிக்காவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பீடுதான் மெடிக்கெய்ட். அது கிடைத்த மாதம் வீட்டுக்கு மூன்று கார்டுகள் வந்தன. தனித்தனிக் கவர், தனித்தனி வாரம். முதல் இரண்டையும் பர்ஸில் வைத்தோம். மூன்றாவதை ஏதோ விளம்பரம் என்று நினைத்துச் சமையலறை டிராயரில், பழைய கரண்ட் பில்களோடு போட்டுவிட்டோம். பல்லுக்கான கார்டு அதுதான். டெக்சாஸில் குழந்தைகள் மெடிக்கெய்ட் இப்படித்தான் நடக்கிறது: மாநிலத்தின் கார்டு ஒன்று, உடம்புக்குப் பார்க்கும் மருத்துவத் திட்டத்தின் கார்டு ஒன்று, பல் திட்டத்தின் கார்டு ஒன்று. பல் திட்டத்தை நீங்களாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அவர்களே ஒன்றில் போட்டுவிடுவார்கள். ‘மெயின் டென்டிஸ்ட்’ என்று ஒரு டாக்டரின் பெயரையும் அவர்களே எழுதிவிடுவார்கள். அந்த டாக்டர் ஊரின் இன்னொரு கோடியில் இருக்கலாம், புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதையே நிறுத்தியிருக்கலாம். கார்டு டிராயரில் கிடந்த காலத்தில் 4 வயதுப் பிள்ளையின் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து சீழ் பிடித்துவிட்டது. எல்லாம் முடிய நாலரை மாதம் ஆனது, 9 நாள் சம்பளம் போனது. அதில் பாதிக்கு மேல் தெரியாத்தனத்தால் போனது. எங்கெங்கே தவறியது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தகுதி. நம்மவர்கள் பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன்; பெற்றோர் என்ன விசாவில் இருந்தாலும் பிள்ளைக்காக மட்டும் விண்ணப்பிக்கலாம். தனக்குக் கேட்காத பெற்றோர் தன் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைத் தர வேண்டியதில்லை. வருமானம் மெடிக்கெய்ட் வரம்பைத் தாண்டினால் பிள்ளைகளுக்கென்றே சிப் (CHIP) என்ற இன்னொரு காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அது 1997-இல் வந்தது. அதில் பல் வைத்தியமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2009-இல் சட்டம் போட்டார்கள். டெக்சாஸில் சிப் வரம்பு வறுமைக்கோட்டின் 201 சதவீதம். 2025-இல் 4 பேர் குடும்பத்துக்கு வறுமைக்கோடு வருடம் 32,150 டாலர் என்பதால், அந்த வருடம் ஏறக்குறைய 64,600 டாலர் வரை சம்பாதித்த வீட்டுப் பிள்ளைக்கும் இடம் இருந்தது. ‘நமக்கெல்லாம் கிடைக்காது’ என்று நாமே முடிவு செய்துகொள்ளாமல் 2-1-1 என்ற உதவி எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

அடுத்தது, நம் வீடுகளில் எல்லோரும் சொல்லும் அந்த ஒரு வார்த்தை: “பால் பல்தானே, விழுந்து முளைக்கும்.” ஊரிலிருந்து பெரியவர்கள் போனில் சொன்னார்கள், நாங்களும் தலையாட்டினோம். கூடவே, “அடுத்த லீவுக்கு ஊருக்கு வரும்போது பார்த்துக்கலாம்” என்பதும் சேர்ந்துகொண்டது. முன்பல் 6, 7 வயதில் விழுவது உண்மைதான். ஆனால் பின்னால் உள்ள பால் கடைவாய்ப் பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருந்தாக வேண்டும். அவை முன்கூட்டியே போனால் பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சாயும். பிறகு வரும் நிரந்தரப் பல்லுக்கு இடமிருக்காது. வேரடியில் சீழ் நின்றால் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லும் கெடும். பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால் சின்னப் புள்ளியாகத் தெரிந்த சொத்தை சில மாதங்களில் நரம்பு வரை இறங்கிவிடும். ஊருக்குப் போகும் லீவுக்காக அது காத்திருக்காது.

முதல் பல் முளைத்த 6 மாதத்துக்குள், எப்படியும் முதல் பிறந்தநாளுக்குள், பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டச் சொல்கிறார்கள். டெக்சாஸ் மெடிக்கெய்ட் 6 மாதக் குழந்தையிலிருந்தே பல் பரிசோதனைக்குப் பணம் தருகிறது, 6 மாதத்துக்கு ஒருமுறை. பல் டாக்டர் கிடைக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியம் ஒன்று உண்டு. தடுப்பூசிக்குப் போகும் குழந்தை டாக்டரிடமே, சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் தடவச் சொல்லலாம். சின்ன பிரஷ்ஷால் பல்லின் மேல் பூசுவார்கள், இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பல் கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தெரியும். அன்று இரவு வரை அழுத்தித் தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான். அவர்களாகச் செய்யாவிட்டால் நாம்தான் கேட்க வேண்டும். எங்களுக்குக் கேட்கத் தெரியவில்லை.

இனி போன் படலம். பல் திட்டத்தின் இணையதளத்தில் எங்கள் ஜிப் கோடைச் சுற்றி ஒரு நீளமான பட்டியல் வந்தது. மனசுக்குத் தெம்பாக இருந்தது. கூப்பிட ஆரம்பித்ததும் தெம்பு இறங்கியது. ஒருவர் இடம் மாறியிருந்தார், ஒருவர் பெரியவர்களுக்கு மட்டும், ஒருவர் மெடிக்கெய்டை விட்டே விலகிவிட்டார், இன்னொருவரிடம் அடுத்த இடம் 11 வாரம் கழித்து. இரண்டு மதியம் முழுவதும் காதில் போனோடு போனது. இது எங்கள் தலையெழுத்து மட்டுமல்ல. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக இலினாய் மாநிலத்தில் 85 பல் கிளினிக்குகளுக்குப் பெற்றோர் போலப் பேசி 170 தடவை போன் செய்தார்கள். 10 வயதுப் பையனுக்கு முன்பல் உடைந்துவிட்டது, அவசரம் என்பதுதான் கதை. தனியார் காப்பீடு என்று சொன்னபோது 95 சதவீதம் பேர் இடம் கொடுத்தார்கள். மெடிக்கெய்ட் என்று சொன்னபோது 37 சதவீதம்கூட இல்லை. பையனும் அதே பையன், பல்லும் அதே பல்.

டாக்டர்கள் பக்கமும் காரணங்கள் இருக்கின்றன. பல மாநிலங்களில் மெடிக்கெய்ட் தரும் கட்டணம், தனியார் காப்பீடு தருவதைவிட நன்றாகக் குறைவு. அனுமதி வாங்கும் காகித வேலை அதிகம், சொல்லாமல் வராமல் போகும் நோயாளிகளும் அதிகம். நாடு முழுவதும் பாதிக்கும் குறைவான பல் டாக்டர்களே மெடிக்கெய்டில் இருக்கிறார்கள். காரணம் புரிந்ததும் கோபம் குறையவில்லை, ஆனால் கேட்கும் முறை மாறியது. “மெடிக்கெய்ட் எடுப்பீர்களா” என்று கேட்டால் “ஆமாம்” என்றுதான் பதில் வரும், அதனால் பிரயோஜனம் இல்லை. இப்படிக் கேளுங்கள்: இந்தப் பல் திட்டத்தில், இந்த முகவரியில், 4 வயதுப் புதுப் பேஷன்ட்டை எடுக்கிறீர்களா? அந்த டாக்டரின் பெயர் என்ன? அவர் எந்தெந்தக் கிழமை இந்த முகவரியில் இருப்பார்? சீக்கிரமான தேதி எது? யாராவது கேன்சல் செய்தால் கூப்பிடும் பட்டியலில் எங்கள் பெயரைப் போடுவீர்களா? பதில் சொன்னவரின் பெயர், தேதி, நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

பட்டியலில் யாரும் சரிப்படவில்லை என்றால் பல் திட்டத்தின் மெம்பர் சர்வீஸைக் கூப்பிட்டு, “நான் இத்தனை பேரைக் கூப்பிட்டேன், யாரிடமும் இடமில்லை, நீங்களே அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் எடுக்கவும், போய்வர வண்டி ஏற்பாடு செய்யவும் உதவுவது மெடிக்கெய்டின் கடமை, மத்திய விதியிலேயே இருக்கிறது. டெக்சாஸில் 1-877-847-8377 என்ற டெக்சாஸ் ஹெல்த் ஸ்டெப்ஸ் எண்ணில் டாக்டரைக் கண்டுபிடித்துத் தருகிறார்கள். வேறு மாநிலம் என்றால் 1-877-543-7669, இன்ஷ்யூர் கிட்ஸ் நவ். வண்டி வேண்டுமென்றால் அன்று காலை கேட்டால் வராது. சில வேலைநாள் முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆங்கிலம் தடுமாறுகிறது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனில் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. மூத்த பிள்ளையைப் பேச வைப்பது நம் வீடுகளில் வழக்கம். மயக்க மருந்து, சம்மதக் கையெழுத்து என்று வரும்போது 12 வயதுப் பிள்ளை மொழிபெயர்த்ததை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பல் திட்டத்தின் பட்டியலை மட்டும் பிடித்துத் தொங்கியது எங்கள் இன்னொரு தவறு. அரசு மானியம் பெறும் சமுதாய சுகாதார மையங்களில் பல இடங்களில் பல் பிரிவு இருக்கிறது. மெடிக்கெய்டும் எடுப்பார்கள், காப்பீடே இல்லாவிட்டால் வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைப்பார்கள். பல் மருத்துவக் கல்லூரிகளும் உண்டு. அங்கே ஒரு வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும், மாணவர் செய்ய, பேராசிரியர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த கட்டம். பொறுமை வேண்டும், ஆனால் வேலை சுத்தம்.

நாங்கள் இடம் பிடிப்பதற்குள் ஒரு ராத்திரி கன்னம் வீங்கிவிட்டது. இதை மட்டும் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: பல்வலியோடு முகவீக்கம், காய்ச்சல், விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டம், வீக்கம் கண்ணை நோக்கி ஏறுவது அல்லது தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குவது, இதில் எது இருந்தாலும் காலை வரை பார்க்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டும். வெறும் வலி என்றால் அங்கே போய்ப் பயனில்லை. பெரும்பாலான எமர்ஜென்சிகளில் பல் டாக்டர் இருக்க மாட்டார். ஆன்டிபயாட்டிக்கும் வலி மருந்தும் எழுதி, “பல் டாக்டரைப் பாருங்கள்” என்று அனுப்பிவிடுவார்கள். எங்களையும் 5 மணி நேரம் உட்கார வைத்து அதைத்தான் சொன்னார்கள். மருந்து சாப்பிட்டதும் வீக்கம் வடிந்தது. வடிந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தோம், அதுதான் பெரிய ஏமாற்றம். பல்லுக்குள் இருக்கும் அழுகல் அப்படியே இருக்கும். மருந்து நின்ற சில வாரங்களில் திரும்ப வீங்கும். ஊரிலிருந்து கொண்டுவந்து வைத்திருக்கும் அமாக்ஸிசிலினை எடுத்து அரை அரையாகக் கொடுக்கும் வேலையும் வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேரிலாண்டில் டியாமாண்டே டிரைவர் என்ற 12 வயதுச் சிறுவன் 2007 பிப்ரவரியில் இறந்துபோனான். சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்கு ஏறிவிட்டது. 80 டாலரில் பல்லைப் பிடுங்கியிருந்தால் முடிந்திருக்கும். இரண்டு மூளை அறுவை சிகிச்சை, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி, செலவு ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர். குடும்பத்தின் மெடிக்கெய்ட் இடையில் நின்றுபோயிருந்தது. அந்தத் தாய் அப்போது அவனுடைய தம்பியின் பல்லுக்கு டாக்டர் தேடிக்கொண்டிருந்தார். மேரிலாண்ட் அதன் பிறகு டாக்டர் கட்டணத்தை உயர்த்தித் திட்டத்தையே திருத்தி அமைத்தது.

அப்பாயின்ட்மென்டில் டாக்டர் எக்ஸ்ரே எடுத்து ஒரு தாளைக் கொடுப்பார், ‘ட்ரீட்மென்ட் ப்ளான்’. அதை மடித்துப் பையில் போடாதீர்கள், படியுங்கள். பால் பற்கள் இருபதுக்கும் ஆங்கில எழுத்து ஏ (A) முதல் டி (T) வரை பெயர். கீழ்த்தாடை இடப்பக்கம் கடைசிப் பல் ‘கே’, அதற்கு முன்னது ‘எல்’. நிரந்தரப் பற்களுக்கு 1 முதல் 32 வரை எண். ஒவ்வொரு வேலைக்கும் டி (D) என்று தொடங்கும் ஒரு குறியீடு: டி2930 என்றால் ஸ்டீல் மூடி, டி3220 என்றால் நரம்பின் மேல்பகுதியை மட்டும் எடுப்பது, டி7140 என்றால் பல் பிடுங்குவது. எங்கள் தாளில் 8 பற்கள் இருந்தன. பார்த்ததும் வந்த குற்ற உணர்வை இங்கே எழுதி முடியாது. ஒரு வாரம் கழித்து வேறொரு டாக்டரிடம் காட்டியபோது 6 பற்கள் என்றார், அதிலும் இரண்டுக்கு டயமைன் ஃப்ளோரைடு திரவம் தடவினால் போதும் என்றார். வெள்ளி கலந்த அந்தத் திரவம் சொத்தையை அங்கேயே நிறுத்தும், ஊசி கிடையாது, ட்ரில் கிடையாது. ஆனால் தடவிய சொத்தை கறுப்பாகிவிடும், அந்தக் கறுப்பு போகாது. பின்பல்லில் யாருக்குத் தெரியப்போகிறது? சீழ் பிடித்த பல்லுக்கு அது உதவாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது கருத்து கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது இல்லை. எக்ஸ்ரே நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அங்கே திரும்ப எடுப்பார்கள், திட்டம் பணம் தராமலும் போகலாம். ‘கே’ பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றால், அந்த இடத்தைப் பிடித்து வைக்கும் ஸ்பேஸ் மெயின்டெய்னர் தேவையா என்று அன்றே கேளுங்கள்.

ரிசெப்ஷனில் ‘இது மெடிக்கெய்டில் கவர் ஆகாது’ என்பார்கள். இங்கேதான் ஒரு சட்டப் பெயர் கைகொடுக்கும்: இ.பி.எஸ்.டி.டி. 1967-இல் வந்து 1989-இல் பலப்படுத்தப்பட்ட விதி. மெடிக்கெய்டில் உள்ள 21 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் வலியையும் கிருமியையும் தீர்ப்பது, பல்லைச் சரிசெய்வது, பல் நலத்தைக் காப்பது இவை மூன்றும் கட்டாயம். மாநிலத்தின் வழக்கமான பட்டியலில் இல்லாத வேலையும் பிள்ளைக்கு மருத்துவ ரீதியாகத் தேவை என்று நிரூபித்தால் கொடுத்தாக வேண்டும். ‘வருஷத்துக்கு இத்தனைதான்’ என்ற வரம்பு ஒரு தொடக்க அளவுதான், அதற்கு மேல் தேவைப்பட்டால் அனுமதி கேட்க வழி இருக்க வேண்டும். கவனியுங்கள், சிப் தனியாக நடக்கும் மாநிலங்களில் இந்தப் பாதுகாப்பு அப்படியே பொருந்தாது, டெக்சாஸும் அப்படித்தான். அழகுக்காகக் கிளிப் போடுவதற்கும் இது உதவாது. கடிப்பதற்கே கஷ்டப்படும் அளவுக்குப் பல் கோணல் என்று மதிப்பெண் போட்டுக் காட்ட வேண்டும்.

4 வயதுப் பிள்ளைக்கு இத்தனை பல் வேலை என்றால் நாற்காலியில் உட்கார வைத்து முடிக்க முடியாது. முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் முடிக்கலாம் என்றார் டாக்டர். நாலரை மாதத்தில் இரண்டு மாதத்தைத் தின்றது இந்தக் கட்டம்தான். பல் வேலைக்குப் பல் திட்டம் அனுமதி தர வேண்டும். ஆஸ்பத்திரி அறைக்கும் மயக்க டாக்டருக்கும் மருத்துவத் திட்டம் அனுமதி தர வேண்டும். இரண்டு அனுமதி, இரண்டு கம்பெனி. பல் திட்டம் ‘மருத்துவத் திட்டத்தைக் கேளுங்கள்’ என்றது, மருத்துவத் திட்டம் ‘இது பல் விஷயம்’ என்றது. மூன்று வாரம் நாங்கள் நடுவில் பந்து. முதல் நாளே கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்வி இது: இரண்டு அனுமதியையும் யார் அனுப்புகிறார்கள், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், ரெஃபரன்ஸ் எண் என்ன? ‘அனுப்பிவிட்டோம்’ என்பதோடு விட்டுவிடாதீர்கள். அந்த எண்ணை வைத்து நீங்களே இரண்டு திட்டத்தையும் கூப்பிட்டு, வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். எங்கள் விஷயத்தில் ஒன்று போகவே இல்லை.

போய்ச் சேர்ந்த இன்னொரு கோரிக்கையோ மறுக்கப்பட்டது. ‘மருத்துவ ரீதியாகத் தேவையில்லை’ என்று கடிதம். படித்ததும் கை நடுங்கியது. ஆனால் பெரும்பாலும் மறுப்பு பிள்ளையின் பல்லைப் பார்த்து வருவதில்லை, ஃபைலில் என்ன இல்லை என்பதைப் பார்த்து வருகிறது. எங்கள் ஃபைலில் இரண்டு குறை. எக்ஸ்ரே இணைக்கப்படவில்லை. நாற்காலியில் முயற்சி செய்து முடியவில்லை என்பது எங்கும் எழுதப்படவில்லை. டாக்டரின் கடிதத்தில் இருக்க வேண்டியவை: வயது, எத்தனை பல், ஒவ்வொன்றின் எழுத்து, சீழ் வந்த தேதி, எமர்ஜென்சி போன தேதி, சிரிப்பு வாயு கொடுத்தும் பிள்ளை ஒத்துழைக்காதது, தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது. அழுகையில் எக்ஸ்ரே எடுக்க முடியவில்லை என்றால் வாயின் போட்டோ. இதோடு, திட்டத்தின் பல் டாக்டரிடம் நம் டாக்டர் நேரடியாகப் போனில் பேசும் வழி ஒன்றும் உண்டு, பத்து நிமிஷ வேலை, கேட்டால்தான் செய்வார்கள்.

அப்பீலுக்கு நாள் கணக்கு முக்கியம். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் திட்டத்திடம் அப்பீல் செய்யலாம், வாயால் சொன்னாலும் செல்லும், எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். அவர்கள் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காத்திருந்தால் பிள்ளையின் உடல்நலம் கெடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவசர அப்பீல், 72 மணி நேரம். நாங்கள் சாதாரண அப்பீல் போட்டு 26 நாள் காத்திருந்தோம். சீழ் வந்த பிள்ளைக்கு அவசர அப்பீல்தான் போட்டிருக்க வேண்டும். அப்பீலிலும் மறுத்தால் மாநிலத்திடம் ‘ஃபேர் ஹியரிங்’ கேட்கலாம். கடைசி நாள் அந்தக் கடிதத்திலேயே இருக்கும், 90 நாளுக்குக் குறையாது. அதற்கு இலவச சட்ட உதவி மையங்கள் வக்கீல் கொடுப்பார்கள், போனிலேயே நடக்கும். எங்களுக்கு அதுவரை போகவில்லை, அப்பீலிலேயே அனுமதி வந்தது. முதல் அனுமதிக் கோரிக்கைக்கு முன்பெல்லாம் 14 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். 2026-இல் தொடங்கும் ஒப்பந்தங்களிலிருந்து சாதாரணக் கோரிக்கைக்கு 7 நாள் என்று மத்திய அரசு குறைத்திருக்கிறது.

இதற்கு நடுவில் ரினியூவல் தாள் வேறு. 19 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒருமுறை சேர்ந்தால் 12 மாதம் தொடர்ச்சியாக இருக்கும், இடையில் வருமானம் கூடினாலும் எடுக்க முடியாது. 2024 ஜனவரியிலிருந்து இது நாடு முழுவதும் விதி. ஆனால் 12 மாதம் முடியும்போது வரும் தாளுக்குப் பதில் போகாவிட்டால் நின்றுவிடும். ஆபரேஷன் தேதி அந்த மாதத்துக்கு அடுத்த மாதம் விழுந்தால், கொடுத்த அனுமதியும் செல்லாது. வீடு மாறினால் அன்றே முகவரியை மாற்றுங்கள். தாள் அனுப்பாததால் நின்றது என்றால் 90 நாளுக்குள் அதே தாளை அனுப்பினால் போதும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

ஆபரேஷன் நாளைப் பற்றி. முந்தைய 30 நாளுக்குள் குழந்தை டாக்டர் பார்த்து எழுதிய உடல் பரிசோதனைத் தாள் வேண்டும். 31-வது நாள் என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும்: வழக்கமான கணக்கு, கனமான சாப்பாட்டுக்கு 8 மணி நேரம், பால் 6 மணி நேரம், தாய்ப்பால் 4, தண்ணீர் 2. உங்கள் ஆஸ்பத்திரி வேறு சொன்னால் அதுதான் சட்டம். விடியற்காலையில் பாட்டி பாசத்தில் கொடுக்கும் அரை டம்ளர் பாலால் கேன்சலான ஆபரேஷன்கள் நிறைய. சளி, இருமல் இருந்தால் முதல் நாளே போன் செய்யுங்கள். நாங்கள் செய்யவில்லை. மூக்கு ஒழுகிய பிள்ளையோடு 5 மணிக்கு எழுந்து போய், மயக்க டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்த இரண்டாவது நிமிஷம் திரும்பி வந்தோம். அடுத்த தேதி 5 வாரம் கழித்து.

எல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்தபோது 45 டாலருக்கு ஒரு பில். எக்ஸ்ரேயாம். பயந்து கட்டிவிட்டோம். கட்டியிருக்கக் கூடாது. மெடிக்கெய்டில் சேர்ந்த டாக்டர், கவர் ஆகும் வேலைக்கு மெடிக்கெய்ட் தரும் தொகையையே முழுக் கட்டணமாக ஏற்க வேண்டும். மீதியைப் பெற்றோரிடம் கேட்க முடியாது. வராமல் போன அப்பாயின்ட்மென்டுக்கு அபராதமும் போட முடியாது, ஆனால் தொடர்ந்து வராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், எடுப்பார்கள். கவர் ஆகாத வேலை என்றால், செய்வதற்கு முன்பே ‘இதற்கு நானே பணம் கட்டுகிறேன்’ என்ற தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். அதனால் முதல் நாள் நீட்டும் அட்டையில் உள்ள தாள்களைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பல் திட்டத்தில் புகார் கொடுத்து, நோட்டில் எழுதி வைத்த தேதிகளைப் படித்துக் காட்டிய பிறகு அந்த 45 டாலர் 6 வாரத்தில் திரும்பி வந்தது.

6 வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் நான்கு நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை, பால் பல் என்றே நினைப்பார்கள். அவற்றின் மேல்பள்ளங்களை அடைக்கும் சீலன்ட், குறியீடு டி1351, மெடிக்கெய்டில் உண்டு. முழுதாக வெளியே வந்ததும், சொத்தை விழுவதற்கு முன் போட வேண்டும். போன வாரம் செக்கப்புக்குத் தேதி கேட்கக் கூப்பிட்டபோது, “3, 14, 19, 30, நான்குக்கும் சீலன்ட் பார்க்க வேண்டும்” என்று சொன்னோம். மறுமுனையில் இருந்த பெண் ஒரு நொடி நிறுத்தி, “நீங்கள் பல் டாக்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டு, வருகிற செவ்வாய் காலை எட்டரைக்கு இடம் போட்டார்.